என்ட பக்கத்தாலதான் திண்டனான், மிஸ்

தாதி வேலையில் ஊசி போடுவது சுகம். ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கவேண்டும், ஆளைக் கொல்வது அதுதான்.

உங்களுக்கு ஏதாவது மருந்தோ சாப்பாடோ ஒத்துக்கொள்ளாதா? இதுதான் அந்தக் கேள்வி. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக இதைக் கேட்டு வருகிறேன். வங்கியிலோ, தபால் கந்தோரிலோ, பள்ளிக்கூட வாசலிலோ உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வேறு ஏதோ கேள்விக்கான பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும். ஒரு சின்ன வித்தியாசம். உங்களுக்குப் பிழையான பதில் கிடைத்தால் ஒரு கடுதாசியைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். எனக்குக் கிடைக்கும் பிழையான பதில் கட்டிலில் படுத்து மூச்சு வாங்கும்.

நமது உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. கிருமி வந்தால் அடிப்பது அதன் உத்தியோகம். சிலரிடம் அது கிருமியைப் போகவிட்டு இறாலை அடிக்கும், மருந்தை அடிக்கும், தலைக்குப் பூசும் சாயத்தை அடிக்கும். அடிபடுவது என்னவோ வீட்டுக்காரர்தான். படிக்கிற காலத்தில் இந்தக் கூத்தை நான்கு வகையாகப் பிரித்து எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஊரில் அந்தப் பிரிவெல்லாம் கிடையாது. தடித்தாலும், கடித்து அரித்தாலும், வீங்கினாலும் ஒரே பெயர், கிரந்தி. காரணமும் ஒன்றே, கத்தரிக்காய். கத்தரிக்காய் சாப்பிடவில்லை என்று சொன்னால், பக்கத்து வீட்டில் பொரித்த வாசம் பட்டிருக்கும் என்பார்கள்.

போடாத மருந்து

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் காலில் புண் பழுத்து வந்திருந்தார். டொக்டர் பென்சிலின் ஊசி எழுதியிருந்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். மருந்து ஏதாவது போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா என்று உடைத்து உடைத்துக் கேட்டேன். இப்படி ஒரு சந்தேகப்பிராணியைத் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை என்ற மாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒன்றும் இல்லை என்றார்.

மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டு நிற்கிறேன், அவருடைய மனைவி தேநீர்ப் போத்தலோடு வருகிறா. என்ன ஊசி என்று கேட்டா. சொன்னேன். போத்தலைக் கட்டிலில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா. முந்தி ஒருமுறை இதே ஊசி போட்டு, ஆள் விழுந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்து, வீட்டில் அழுகைக்கே ஆயத்தப்படுத்தினார்களாம். ஊசியைத் தட்டில் வைத்தேன். ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. எனக்குப் புத்தி குறைவு என்று இரங்கி, ஆறுதலாக விளங்கப்படுத்தினார்:

"அதுக்குப் பிறகு நான் அந்த ஊசியைப் போடுறதே இல்லையே, பிள்ளை. போடாத மருந்து எப்பிடி ஒத்துக்கொள்ளாமல் போகும்?"

ஒரு சஹன், ஆறு கை

றசீன் முதலாளியை நகரத்தில் தெரியாதவர்கள் குறைவு. மீன் சந்தையில் பெரிய இறால் வியாபாரி. ஒருநாள் பகல் அவரை ஒரு கல்யாண வீட்டிலிருந்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, குரல் அடைத்து, நெஞ்சு விசிலடித்தது. இரத்த அழுத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் முதலாளி என்று கேட்டேன். தூக்கி வந்தவர்களை ஒருதரம் பார்த்துவிட்டு, சோறு என்றார். சோறு சாப்பிட்டவர்கள் எல்லாம் இப்படி வந்தால் இந்த நாட்டில் ஆஸ்பத்திரி காணாது. டொக்டர் மற்றவர்களை வெளியே அனுப்பினார். கதவு சாத்தியபிறகுதான் முதலாளியின் வாயிலிருந்து, காற்றாக, "றால்" என்று வந்தது.

அட்ரினலினைத் தொடையில் போட்டோம். மருந்து ஏறும்வரை அவர் என் கையை விடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான்கு வகையில் இதுதான் முதலாவது, மகா அவசரக்காரன். முதல்தடவை இறாலைக் காணும்போது ஆளின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வதோடு சரி. அடுத்ததடவை கண்டவுடன், விசாரணை கிடையாது, ஹிஸ்டமினை வாளி வாளியாக ஊற்றிவிடும். நாற்பது வயதுவரை இறால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கு நாற்பத்தோராவது வயதில் இது தொடங்கலாம். முதலாளிக்கும் அப்படித்தான். கொஞ்சக் காலமாகவே இறால் பட்டால் உதடு கடிக்கிறதாம், நாக்குத் தடிக்கிறதாம்.

தெரிந்துகொண்டுமா சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. முஸ்லிம் கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய தாம்பாளத்தில் நடுவே சோறு, சுற்றிவர இறைச்சி, கோழி, இறால் பொரியல். இறால் எதிர்ப் பக்கத்தில் இருந்ததாம். எதிரே இருந்தவர் அன்பு மிகுந்து நடுச்சோற்றைப் பிசைந்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு முதலாளி தான் நிரபராதி என்பதை இப்படி நிறுவினார்:

"நான் என்ட பக்கத்தாலதான் திண்டனான், மிஸ்."

வெளியே சொல்லாத நோய்

போன வீக்கம் சில மணித்தியாலத்தில் திரும்பி வரலாம், அதனால் அன்றிரவு வார்ட்டில் வைத்திருந்தோம். இனி இறாலை வாயில் வைக்கக்கூடாது, சட்டியும் கரண்டியும் வேறாக இருக்கவேண்டும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அடுத்தமுறை இதைவிடக் கடுமையாக வரலாம், ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துசேருவாரா என்பதே நிச்சயமில்லை என்றும் சொன்னார். முதலாளி எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். டொக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கேஸ்ட்ரிக் என்று சொல்லிவிடும்படி கேட்டார். உயிர் போகிற விஷயத்தை ஏன் மறைக்கவேண்டும் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் என்னைவிடச் சூடாகிவிட்டார்.

"றால் முதலாளி றால் திங்கமாட்டானாம் எண்டு சந்தையில ஒரு கதை போனா, இவன் ஐஸ்பெட்டிக்குள்ள என்ன மருந்தப் போடுறானோ எண்டுதான் மிஸ் சனம் கேக்கும். நான் மௌத்தானாலும் யாவாரத்தை மகன் பாப்பான், யாவாரம் மௌத்தானா ஆர் பாக்கிறது?"

யாருடைய இரத்தம்

கப்பல்துறையிலிருந்து ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் வந்திருந்தார். வயிற்றுப் புண்ணில் இரத்தம் போய், ஆள் வெள்ளைக் கடுதாசி மாதிரி இருந்தார். இரத்தம் ஏற்றவேண்டும். அவருடைய அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து, தன்னுடையதை எடுக்கச் சொல்லிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். இரத்த வங்கியில் வகை பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அண்ணன் சண்டைக்கு வந்தார். ஏதோ நாங்கள் பங்கு பிரித்துவிட்ட மாதிரி.

காவல்படையின் இரண்டாவது வகைக்குச் சொந்தபந்தம் தெரியாது. வேறு வகை இரத்தம் உள்ளே வந்தால், ஒவ்வொரு சிவப்பணுவின் முதுகிலும் அந்நியன் என்று அடையாளம் ஒட்டி, அங்கேயே உடைத்துவிடும். உடைந்ததெல்லாம் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அண்ணன் பாசத்தில் கொடுத்திருந்தால் தம்பி பாசத்திலேயே போய்ச்சேர்ந்திருப்பார். இதை நான் மூன்றுவிதமாகச் சொல்லியும் அண்ணனுக்கு என்னில் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் இரத்த வங்கியில் இருந்த பொருத்தமான பையைக் கொண்டுவந்து ஏற்றினோம். கொடுத்தவர் யார் என்று நாங்கள் சொல்வதில்லை, எங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த வாரம் ரோட்டில் காவல் நிற்கிற நேவிக்காரர் இரத்ததான முகாம் வைத்தது ஊருக்கே தெரியும். தம்பி சொட்டுச்சொட்டாக இறங்குவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்ததும் கேட்டார்:

"அப்ப மிஸ், இனிமேல் செக்பொயின்ற்றில என்ர ஓட்டோவை மறிக்கமாட்டினம் என்ன?"

குதிரையின் பங்கு

தம்பலகாமத்து விவசாயி ஒருவரை வயலில் புடையன் கடித்துவிட்டது. அடித்த பாம்பையும் உரப்பையில் போட்டு அவரே கொண்டுவந்திருந்தார். பையை என் மேசையில் வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆள் தேறி, சிரித்துக் கும்பிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை திரும்பி வந்தார், காய்ச்சல், மூட்டெல்லாம் வலி, உடம்பில் தடிப்பு. பாம்பின் சோடி பழிவாங்குகிறது என்பது வீட்டாரின் முடிவு. அயலவர்கள் கிரந்தி என்றார்கள். கத்தரிக்காயும் விசாரணையில் சிக்கியது.

உண்மையில் அது மூன்றாவது வகை. விஷமுறிவு மருந்தைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றிய அந்தக் குதிரைச் சத்தை நமது காவல்படை நன்றியோடு வழியனுப்புமா? ஆறுதலாக எதிர்ப்புப்பொருள் தயாரித்து, குதிரைச் சத்தோடு கட்டிப்புரண்டு, இரண்டும் கட்டிகட்டியாகச் சேர்ந்து மூட்டிலும் நுண்குழாய்களிலும் தங்கிவிடும். நகரத்து வாய்க்காலில் குப்பை அடைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. அடைத்த இடமெல்லாம் வீங்கி வலிக்கும். நல்ல காலம், சில நாள் மருந்தோடு அடங்கிவிடும். இதையெல்லாம் சொல்லி, சோடிப் பாம்புக்கு இதில் சம்பந்தமில்லை, குதிரைதான் காரணம் என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"பாம்பு கடிச்சதைத் தாங்கிப்போட்டன், பிள்ளை. குதிரை உதைச்சதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

முதலாளியின் தாடி

றசீன் முதலாளி மறுபடியும் வந்தார். இந்தமுறை நடந்து வந்தார், மகள் ஷிபானா கையைப் பிடித்திருந்தா. கண் இரண்டும் கோடாகிவிட்டன. தாடி இருந்த இடமெல்லாம் சிவந்து, கொப்பளித்து, நீர் வடிந்தது. மகளுக்குப் புல்மோட்டையில் மாப்பிள்ளை பேசி, வெள்ளிக்கிழமை நிச்சயம் செய்தார்களாம். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் இளமையாக இருக்கவேண்டும் என்று முதலாளி தாடிக்குக் கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார். வெள்ளி நன்றாக நடந்தது. ஞாயிறு முகம் எழும்பிவிட்டது.

சாயம்தான் காரணம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சாயம் என்றால் அடித்தவுடன் வந்திருக்கவேண்டுமே, இறால் ஐந்து நிமிடத்தில் வந்ததே என்று என்னிடம் வாங்கிய பாடத்தையே எனக்குத் திருப்பிப் படிப்பித்தார். நான்காவது வகையின் அலுவல் முறை அவருக்குத் தெரியவில்லை. அது அரசாங்கக் கந்தோர் மாதிரி. முறைப்பாடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கையெழுத்தாகி, அணுக்கள் ஆளுக்காள் சொல்லி, இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் வருவார்கள். வந்தால் சாயம் பட்ட இடத்தைச் சும்மா விடமாட்டார்கள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலாளி சாயத்தின் பக்கமே நின்றார்.

"ரெண்டு நாளா சும்மா கிடந்த சாயத்தில பழியப் போடாதீங்க, மிஸ். வெள்ளிக்கிழம கத்தரிக்கா திண்டனான்."

ஓம்

மகள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து முதலாளி கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். அடுத்த மாதம் கல்யாணம், நான் கட்டாயம் வரவேண்டும் என்றார். அன்பு உருகி வழிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிறகுதான் அழைப்பின் மீதிப் பகுதி வந்தது. பெண்ணின் வாப்பா, மாப்பிள்ளையின் வாப்பாவோடு ஒரே சஹனில் இருக்கவேண்டும். இறால் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் இறால் இல்லாமல் சரிவராது. இறால் இருந்து அவர் கைவைக்காமலும் சரிவராது. ஆகவே அலர்ஜிக் குளிசை இரண்டை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஒரே ஒரு இறால் சாப்பிடுவார். நான் பெண்கள் பக்கத்தில், பையில் அந்த ஊசியோடு தயாராக இருக்கவேண்டும். என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் பலர். தட்டுமுட்டுச் சாமான் கணக்கில் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குளிசை கடியைத்தான் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. போனமுறை இருந்த மூச்சு இந்தமுறை இருக்குமென்று யார் எழுதித் தந்தது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவ்வளவு சத்தம் போட்டிருக்கக்கூடாது. ஷிபானா மருந்துப் பையோடு பின்னால் நின்றா. எந்தத் தொண்டை, எந்த மூச்சு என்று கேட்டா. அவவுக்குத் தெரிந்ததெல்லாம் கேஸ்ட்ரிக். முதலாளி என்னைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று நின்றேன். கடைசியில், வீங்கிய முகத்தோடு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பிள்ளை அழுதது. முதலாளி யாவாரம், மரியாதை, சம்பந்தி வீட்டார் என்று ஆரம்பித்தார். அது கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பியது. நான் இருபது வருடமாகக் கேட்டும் கிடைக்காத நேரான பதிலை அன்றுதான் என் காதால் கேட்டேன்.

"சாட்சிக்காரங்களோட வந்து எனக்குச் சம்மதமா எண்டு கேப்பீங்கதானே, வாப்பா. அண்டைக்குச் சட்டியில ஒரு றால் கிடந்தாலும் நான் ஓம் சொல்லமாட்டன்."

இறால் இல்லாத சஹன்

கல்யாணத்துக்குப் போனேன். ஊசி கொண்டுபோகவில்லை என்று பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. கொண்டுபோனேன், டொக்டரிடம் சொல்லிவிட்டு. பெண்கள் பக்கம் ஐந்து பேரோடு ஒரே சஹனில் என்னையும் இருத்தினார்கள். இறைச்சி இருந்தது, கோழி இருந்தது, கத்தரிக்காய்கூட இருந்தது. இறால் இல்லை. சஹன் மூடியைத் திறந்த உடனே ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி பயந்த கதை இதோ தொடங்கப்போகிறது, ஐஸ்பெட்டிக்குள் என்ன மருந்தோ என்று யாராவது கேட்கப்போகிறார்கள் என்று ஒரு பிடி சோற்றோடு காத்திருந்தேன். உள்ளே ஷிபானா ஓம் சொல்லிவிட்டா என்ற செய்தி வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அதைக் காதில் வாங்காமல், கோழிக்காலை என் பக்கம் தள்ளிக்கொண்டே மற்றவர்களுக்குக் காரணத்தை விளங்கப்படுத்தினா. முதலாளியின் இறால் எல்லாம் இப்போது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறதாம், அவ்வளவு தரமாம், சொந்த மகளின் கல்யாணத்துக்கே மிச்சம் வைக்க முடியவில்லையாம். இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்குள் இந்தக் கதை ஆண்கள் பக்கமும் போய்ச்சேர்ந்துவிட்டது. சம்பந்தியார் முதலாளியின் தோளைத் தட்டிக் கொடுத்ததாகவும் கேள்வி.

இரண்டு கிழமை கழித்து முதலாளி தாடி காட்ட வந்தார். தாடி இப்போது வெள்ளை, சாயம் இல்லை. சந்தையில் இறால் விலை ஏறிவிட்டது, ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டுக்குப் போகிற அந்த இறாலில் எங்களுக்கும் கொஞ்சம் என்று வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னார். சந்தோசப்பட்டார் என்று சொல்லமுடியாது. இத்தனை காலம் வீணாக உயிரைப் பணயம் வைத்தோமே என்ற கவலைதான் முகத்தில் தெரிந்தது. எழும்பிப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப இவ்வளவு காலமும் நான் திண்டதாலதான் மிஸ் என்ட றாலுக்கு விலை இல்லாமப் போயிருக்கு."

உடம்பின் காவல்படை இறாலுக்குப் பயந்து ஆளைக் கொல்லப் பார்க்கிறது, ஆள் சந்தைக் கதைக்குப் பயந்து தன்னையே கொல்லப் பார்க்கிறார், இந்த இரண்டு பயந்தாங்கொள்ளிகளுக்கும் நடுவில் ஊசியும் கையுமாக நிற்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.